வியாழக்கிழமை ஆட்டத்துக்கு முன்

தம்பிக்கு,

பந்தைப் பற்றி இனி என்னோடு கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ விமானம் ஏறி ஒரு வருடம் ஆகப்போகிறது. எழுதக்கூடாது என்று நீ சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். அப்பா இப்படித்தான், எதிலும் ஒரு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழையப் பார்ப்பார் என்று நீ பல்லைக் கடிப்பாய். கடித்துக்கொள், ஆனால் கடைசிவரை வாசி. எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. வியாழன் இரவு உங்கள் ஊர்க் கழகத்துக்கு ஐரோப்பியக் கிண்ணத்தில் இரண்டாவது ஆட்டம், உங்கள் மைதானத்திலேயே. அதற்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. அடுத்த மாத நடுப்பகுதியில், வருடப்பிறப்பு முடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தில் நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்யப்போகிறார்கள். டொக்டர் நல்ல மனிதர், என் வயதுக்கு இது பெரிய ஆபத்தில்லை என்கிறார், ஆனால் ஆபத்தே இல்லை என்று அவரும் சொல்லவில்லை. இதை எனக்குச் சொல்லி இரண்டு கிழமை ஆகிறது. இந்த இரண்டு கிழமையில் நீ இரண்டு தரம் போன் எடுத்தாய். "மருந்து எடுக்கிறீங்களோ?" என்று கேட்டாய், "ஓம்" என்றேன். "சாப்பாடு?" என்றாய், அதற்கும் "ஓம்" என்றேன். வியாழன் ஆட்டம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று என் மனம் சொன்னது. அந்த எண்ணம் வந்ததும் எனக்கே உடம்பு கூசிவிட்டது. போன வருடமும் இதே மாதம், இதே கட்ட ஆட்டத்துக்கு முன், இதையேதானே நினைத்தேன்.

உனக்கும் எனக்கும் இடையில் பந்து எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? நீ ஒல்லாந்துக்குப் போன முதல் சில வருடங்கள் நாங்கள் போனில் கதைத்ததை ஒரு சின்னத் தாளில் எழுதி முடித்துவிடலாம். குளிரோ, ஓம். வேலையோ, ஓம். அம்மாட்டைக் குடுக்கிறன், ஓம். அம்மாவோடு மட்டும் நீ அரை மணித்தியாலம் கதைப்பாய். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து அவள் முகத்தைப் பார்த்து நீ என்ன சொல்லுகிறாய் என்று ஊகிப்பேன். பிறகு ஒருநாள், வேலைத்தலத்தில் கூட நிற்கும் டச்சுக்காரர் ஒருவர் உன்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனதாகவும், கழகம் சின்னது என்றாலும் சனம் கத்துகிற கத்தில் கூரை பறக்கும் என்றும் சொன்னாய். நான் ஒரு கேள்வி கேட்டேன், "இடது பக்கப் பின்வரிசை ஆர்?" என்று. இருபது வருடம் மயிலிட்டிக்கு நான் விளையாடிய இடம் அது. நீ சிரித்துவிட்டு, "அங்கைதானப்பா ஓட்டை" என்றாய். அன்றைக்கு முப்பது நிமிடம் கதைத்தோம். அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு நீ சீசன் டிக்கெட் எடுத்தாய். எனக்கு ஒரு டப்லெட் அனுப்பி, உங்கள் லீக் ஆட்டங்கள் வருகிற சந்தாவையும் உன் கணக்கில் கட்டினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்கு மத்தியானம், எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து இருப்பாள். எந்தப் பக்கத்துக்கு எந்தக் கோல் என்பதே அவளுக்கு இடைவேளை வரை பிடிபடாது. "எங்கடை ஆக்கள் எந்த உடுப்பு?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பாள். ஆனால் மற்றப் பக்கத்துக் கோல்கீப்பருக்குப் பந்து விழுந்தால் அவளுக்குத் தாங்காது. "பாவம் உவன், தாய்க்காரி பாத்துக்கொண்டெல்லோ இருப்பா" என்பாள். எங்கள் ஆட்கள் அடித்த கோலுக்கு வீட்டில் ஒருவர் துக்கம் கொண்டாடினால் எனக்குக் கோபம் வருமா வராதா? வரும். எழும்பிப்போய் வாசலில் நின்று பார்ப்பேன். இப்போது அவளுடைய கதிரையில் டப்பைச் சாய்த்து வைத்துப் பார்க்கிறேன்.

போன வருடம் நடந்ததை நீ அறிவாய். ஆனாலும் என் வாயால் ஒருதரமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. புதன்கிழமை காலை அம்மா கிணற்றடியில் விழுந்தாள். ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் வியாழன் உங்கள் கழகத்துக்கு வெளியூரில் முதல் ஆட்டம், ஒன்றுக்கு இரண்டு என்று வென்றுவிட்டீர்கள். வெள்ளி மதியம் நீ எடுத்தாய். "அப்பா, வெண்டிட்டம்! அவங்கடை மண்ணிலை வெண்டிட்டம்! அடுத்த வியாழன் இஞ்சை, நான் கோலுக்குப் பின்னாலை நிக்கிறன்!" என்று கத்தினாய். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, குரல் பதினாறு வயதுக்காரனுடையது. "அம்மா எங்கை?" என்றாய். "அம்மா கோயிலுக்குப் போட்டா" என்றேன். ஞாயிறு லீக் ஆட்டம் முடிந்து எடுத்தாய். "அம்மாவுக்குத் தடிமன், தொண்டை அடைச்சுப்போச்சு, கதைக்கேலாது" என்றேன். அடுத்த புதன் விடியற்காலை அவள் போய்விட்டாள். அப்போதும் நான் உனக்குச் சொல்லவில்லை. ஒரு நாள்தானே, வியாழன் ஆட்டத்தைப் பார்க்கட்டும், வெள்ளி விடியச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

இங்கே வழக்கம் உனக்குத் தெரியும். வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் மூன்று நாலு நாள் என்றாலும் உடம்பை வைத்துக்கொண்டு பிள்ளைக்காகக் காத்திருப்பார்கள். உன் மச்சான் ரவி, என் தங்கையின் மகன், வந்தவுடன் அதைத்தான் கேட்டான். "மாமா, தம்பி எப்ப வாறானாம்?" உடம்பை வைத்திருந்தால் யாராவது உனக்குப் போன் எடுத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். நான் அவன் கண்ணைப் பாராமல் சொன்னேன்: "அவனுக்கு உடனை வரேலாதாம். வைச்சிருக்க வேண்டாம், ரவியைக் கொள்ளி வைக்கச் சொல்லுங்கோ எண்டு சொல்லிப்போட்டான்." ரவி அழுதுகொண்டு சம்மதித்தான். ஐயர் தர்ப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "மகன்ரை சம்மதம் இருக்குத்தானே?" என்று கேட்டார். ஐயருக்கும் "ஓம்" என்றேன். உனக்கு ஆறுதல் சொல்ல எடுக்கப்போனவர்களை, "இப்ப எடுக்காதேங்கோ, பிள்ளை உடைஞ்சுபோய் இருக்கிறான்" என்று தடுத்தேன். வியாழன் பின்னேரம் எல்லாம் முடிந்தது. போனை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். கனடாவில் இருக்கிற உன் பெரியப்பா மகள் பேஸ்புக்கில் அம்மாவின் படத்தைப் போட்டுத் துயர் பகிர்ந்ததையும், அதை நீ இடைவேளையில் கோலுக்குப் பின்னால் நின்று பார்த்ததையும் நான் விடிந்த பிறகுதான் அறிந்தேன். போனைத் திறந்தபோது நீ எடுத்த அழைப்புகள் வரிசையாக நின்றன. அவற்றுக்குக் கீழே ஒரே ஒரு வரி. "அப்பா, அம்மா?" என்று மட்டும் கேட்டிருந்தாய். அன்று இரவும் உங்கள் கழகம் வென்றது. உன்னைச் சுற்றி நின்றவர்கள் உன்னைக் கட்டிப்பிடித்துக் குதித்திருப்பார்கள்.

ஞாயிறு விடிய நீ வந்தாய். மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போன கழகச் சட்டையோடு, அதன்மேல் ஒரு குளிர்ச் சட்டையோடு அப்படியே வந்தாய். செத்தவீட்டுக்கு வந்த சனம் அந்தச் சட்டையைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் நின்றது. நீ ரவியிடம் போய், "மச்சான், நீ எப்பிடியடா?" என்று மட்டும் கேட்டாய். "நீ சொன்னதாத்தானே மாமா சொன்னவர்" என்றான் அவன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். எழுபது வயதுக்குக் கிட்ட வந்துவிட்டேன், போரைக் கண்டிருக்கிறேன், ஊரைவிட்டுக் கிளப்பப்பட்டிருக்கிறேன், அவ்வளவு நேரம் தலை குனிந்து நின்றதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை நீ இருந்தாய். கீரிமலையில் எல்லாக் கடமையும் முறையாகச் செய்தாய். புறப்படும்போது விமான நிலையத்துக்குப் பிடித்த வானுக்குள் ஏறி இருந்துகொண்டு, கண்ணாடியை இறக்கிச் சொன்னாய்: "அப்பா, இனிமேல் என்னோடை பந்தைப் பற்றிக் கதையாதேங்கோ." வேறு எதைப் பற்றி நாங்கள் கதைத்திருக்கிறோம் என்று உன்னைக் கேட்க நினைத்தேன். வான் போய்விட்டது.

நீ சொன்னபடியே இருந்தேன். கதைக்கவில்லை. ஆனால் சந்தாவை நீ நிறுத்தவும் இல்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆவணியில் உங்கள் சீசன் தொடங்கியது. அந்த நெட்டை முன்வரிசைக்காரனை இங்கிலாந்துக்கு விற்றுவிட்டார்கள். அவனில்லாமல் முதல் ஐந்து ஆட்டத்திலும் ஒருவருக்கும் பந்தை எங்கே தூக்கிப் போடுவதென்று தெரியவில்லை. கடைசி இடத்தில் கிடந்த கழகத்திடம் சொந்த மண்ணில் தோற்றீர்கள், பயிற்சியாளர் போகட்டும் என்று சனம் வெள்ளைக் கைலேஞ்சியை ஆட்டிக் காட்டியது. கார்த்திகையில் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, இளையோர் அணியைப் பழக்கியவரைக் கொண்டுவந்தார்கள். அவர் கதைக்கும்போது கையை ஆட்டுகிற விதம் எங்கள் மயிலிட்டி விளையாட்டுச் சங்கத்தின் பழைய செயலாளரைப் போலவே இருக்கிறது. இதை யாரிடம் சொல்ல? ரவியிடம் சொல்லலாம் என்றால், அவன் மூன்று மாதம் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது வருகிறான், மீன் கொண்டுவந்து குசினி வாசலில் வைக்கிறான், கேட்டால் பதில் சொல்லுகிறான். அதற்கு மேல் இல்லை.

உங்கள் உள்நாட்டுக் கிண்ணத்தில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். பகலில் வேலைக்குப் போய்விட்டுப் பின்னேரம் விளையாடுகிறவர்களின் சின்னக் கழகம் ஒன்று உங்களைப் பெனால்டியில் வெளியே அனுப்பியது. அவர்களின் கோல்கீப்பர் பேக்கரியில் வேலை செய்பவராம், போன் தமிழாக்கிக் காட்டியது. மூன்று பெனால்டியைப் பிடித்துவிட்டார். நான் தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். உங்கள் கழகம் தோற்றதற்கு அப்பா சிரித்தார் என்று கோபிக்காதே, தோற்ற விதம் அப்படி. சிரித்து முடித்துப் பக்கத்தில் திரும்பினேன், அம்மாவிடம் சொல்ல. பிறகு போனை எடுத்தேன், உன்னிடம் சொல்ல. பிறகு அதை வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தேன். தனிமை என்று சனம் சொல்வது அழுகிற நேரத்தைத்தான் என்று நினைத்திருந்தேன். சிரிக்கிற நேரத்தில் அது இன்னும் மோசம், மகனே.

மார்கழியில் உங்கள் லீக் மூன்று நாலு கிழமை ஓய்வெடுக்கும். அந்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதே. திருவெம்பாவைக்கு விடியற்காலையில் சங்கு ஊதிக்கொண்டு வருவார்கள், எழும்பிக் குளித்துக் கோயிலுக்குப் போவேன், வந்தால் பகல் முழுவதும் மிச்சம். ஞாயிறு பின்னேரம் விளக்கை ஏற்றிவிட்டு, ஆட்டமில்லை என்று தெரிந்தும் டப்பைத் திறந்து வைத்தேன். பழைய ஆட்டம் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தியது. கோலுக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்தைக் கமரா காட்டும்போது நான் பந்தைப் பார்ப்பதில்லை, அது உனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் உன்னைத் தேடுகிறேன். எல்லோரும் குளிர்த்தொப்பியோடு நிற்பதால் ஒருவரையும் அடையாளம் காணமுடியாது. இந்த வருடம் நீ போகிறாயா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. போயிருந்தால் நானும் நீயும் ஒரே ஆட்டத்தை ஒரே நேரத்தில் பார்த்திருக்கிறோம் என்று எண்ணிக்கொள்கிறேன். போகாமல் விட்டிருந்தால், அதையும் உன்னிடமிருந்து பறித்தவன் நான்தான்.

ஐரோப்பிய ஆட்டங்கள் எங்களுக்கு நடுச்சாமம் தாண்டி. அவற்றை நான் பார்ப்பதில்லை, விடிந்துதான் முடிவைப் பார்ப்பேன். சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனைத் திறப்பேன், அதன் காரணம் உனக்கு விளங்கும். எப்படியோ பட்டியலின் வாலைப் பிடித்துக்கொண்டு தப்பி, மாசியில் ஒரு சுற்று வென்று, இப்போது மீண்டும் அதே பதினாறு அணிச் சுற்றுக்கு வந்து நிற்கிறீர்கள். முதல் ஆட்டம் வெளியூரில் சமநிலை. உள்ளூர், வெளியூர் என்று இரண்டு ஆட்டம் வைக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு எங்கள் சங்கத்தின் கதைதான் வரும். போரில் மயிலிட்டியை விட்டு எழும்பிய பிறகு, இருபத்தேழு வருடம் எங்களுக்கு உள்ளூர் ஆட்டமே இல்லை. மல்லாகத்து அகதி முகாமில் இருந்துகொண்டு, மயிலிட்டி என்று பெயர் போட்ட சட்டையோடு, எல்லா ஊருக்கும் வெளியூர்க்காரராகவே போய் விளையாடினோம். நீ பிறந்தது மயிலிட்டியில் என்றாலும் பந்து உதைக்கப் பழகியது முகாம் வேலியோரத்தில். ஊர் திரும்பி, பற்றையை வெட்டி, பழைய மைதானத்தில் கோல் கம்பம் நாட்டிய அன்று விளையாடுகிற வயதில் நீயும் இங்கே இல்லை, நானும் இல்லை.

இந்த இடத்தில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும். ஒப்பரேசனுக்கு என் பழைய கிளினிக் கொப்பிகள் வேண்டும் என்றார்கள், அம்மாவின் அலுமாரியைத் துழாவினேன். கீழ்த்தட்டில், சேலைகளுக்கு அடியில், ஒரு கடிதம் இருந்தது. உனக்குப் பதினாறு வயதில், ஓ.எல். பள்ளிச் சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மாவட்ட அணித் தெரிவுக்கு உன்னை வரச்சொல்லி உன் பள்ளி விளையாட்டு வாத்தியார் என் கையில் தந்த கடிதம். நான்தான் சங்கத்துக்கு மனேச்சர், என்னிடம் தந்தால் உன்னிடம் தந்த மாதிரி என்று அவர் நம்பினார். சோதனை முடியட்டும் என்று நான் மறைத்துவிட்டேன். அம்மா, "இஞ்சாருங்கோ, பிள்ளைக்குச் சொல்லுங்கோ, போறதும் விடுறதும் அவன் பாடு" என்று இரண்டு நாள் சண்டை பிடித்தாள். சோதனை முடிந்தபோது தெரிவும் முடிந்திருந்தது. உன்னை எடுக்கவில்லை என்று நீ இரண்டு கிழமை பந்தைத் தொடாமல் இருந்தாய், நினைவிருக்கிறதா? உன்னை எடுக்காமல் விடவில்லை, தம்பி. நீ வரவில்லை என்று விட்டுவிட்டார்கள். இதை நீ இன்றைக்குத்தான் அறிகிறாய். கிழிக்கச் சொல்லி நான் அம்மாவிடம் கொடுத்த கடிதம் அது. அவள் கிழிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அதை எழுத எனக்குக் கை வரவில்லை, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை நீ எடுத்தபோது நான் வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில், மதியம் ஆட்களைப் பார்க்க விடுகிற நேரம், பெண்கள் வாட்டில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா முழித்திருந்தாள். ஒரு பக்கம்தான் இழுத்திருந்தது, காது கேட்டது, நினைவு தெளிவாக இருந்தது. போன் அடித்ததும் உன் பெயரைப் பார்த்தேன். வாட்டுச் சத்தம் உனக்குக் கேட்கக்கூடாது என்று விறாந்தைக்கு ஓடினேன். நீ "அம்மா எங்கை?" என்று கேட்டபோது அவள் எனக்குப் பத்தடி தூரத்தில் கிடந்தாள். திரும்பிப் போய் அவள் காதில் போனை வைத்திருக்கலாம். நீ கத்தின கத்தை அவள் கேட்டிருப்பாள். நான் உள்ளே வந்ததும், குழறிக் குழறிக் கேட்டாள், "தம்பியோ?" என்று. "ஓம், வெண்டிட்டினமாம்" என்றேன். ஒரு பக்க வாயால் சிரித்தாள். பிறகு தன் நல்ல கையை நீட்டினாள், போனைக் கேட்டு. "வைச்சிட்டான், பிறகு எடுப்பான்" என்றேன். அவள் கையைக் கட்டிலில் வைத்துக்கொண்டாள். ஞாயிறு நீ எடுத்தபோது அவளுக்கு நினைவில்லை.

உனக்காக மறைத்தேன் என்று ஒரு வருடமாக எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன், ஐயருக்கும், ரவிக்கும், உனக்கும். பிள்ளை ஒரு கிழமை சந்தோசமாக இருக்கட்டும் என்று நினைத்தேன் என்றேன். அது முழு உண்மையில்லை. அந்தக் கிழமை என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே நல்ல சத்தம் உன் குரல். "வெண்டிட்டம்" என்று நீ கத்தினதை விறாந்தையில் நின்று கேட்டபோது, இது நிற்கக்கூடாது, இன்னும் ஒரு கிழமை இப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். உன்னிடம் சொன்னால் அந்தக் குரல் போய்விடும். அதற்குப் பயந்து, உன் அம்மாவுக்கு உரிய குரலை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவளுக்குப் பசித்தபோது நான் ஒளித்து வைத்துச் சாப்பிட்டவன், தம்பி. மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. கேட்க வேண்டிய ஆளில் ஒருவர் இல்லை என்பது சுலபமாக இல்லை.

தகப்பன் கடிதம் எழுதினால் புத்தி சொல்லாமல் விடமாட்டான், ஆகவே ஒன்றே ஒன்று சொல்லுகிறேன். நீயும் ஒருநாள் தகப்பனாவாய். பிள்ளைக்கு வந்த செய்தி பிள்ளையுடையது. அதற்கு நல்ல நேரம், கெட்ட நேரம் பார்க்கிற உரிமை உனக்கு இல்லை. சோதனை இருக்கலாம், ஆட்டம் இருக்கலாம், கலியாணம் இருக்கலாம், செய்தியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில். அழட்டும், ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடட்டும், விடாமல் பார்க்கட்டும், அது அவர்கள் பாடு. இதை அம்மா எனக்கு இரண்டு நாள் சண்டை பிடித்துச் சொன்னாள். நான் இருபத்திரண்டு வருடம் கழித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வியாழன் நீ மைதானத்துக்குப் போவாயோ, மாட்டாயோ, அது உன் விருப்பம். போனால் போய்ப் பார். அந்தப் புதிய இடதுபக்கப் பொடியன் முன்னுக்கு ஓடிவிட்டுத் திரும்பி வர மறந்துவிடுகிறான், வெளியூர்க்காரர் அதற்குள்ளால்தான் வருவார்கள், பார்த்துக்கொள். அம்மாவின் ஆட்டைத் திவசம், முதல் வருடத் திவசம், பங்குனிக் கடைசியில் வருகிறது. அதை அங்கேயே ஒரு கோயிலில் செய்யப்போவதாகப் போன மாதம் சொன்னாய். நான் "சரி" என்றேன். எனக்கு அது சரியில்லை. இங்கே, அவள் இருந்த வீட்டில், நீ இருந்து செய்ய வேண்டும். போன முறை உன் கையிலிருந்து நான் பறித்ததை உன் கையில் திருப்பித் தர எனக்கு வேறு வழியில்லை. ரவியிடம் போன கிழமை இதைச் சொன்னேன். அவன் மீன் பையைக் கீழே வைத்துவிட்டு, "அவன் வந்தால் நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன், மாமா" என்றான். இந்த வருடத்தில் அவன் என்னிடம் சொன்ன மிக நீளமான வசனம் அது.

முந்தநாள் ஒப்பரேசனுக்குப் பெயர் பதியப் போனேன். மேசையில் இருந்த தாதி, உன் வயதுப் பிள்ளை, படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றாள். "ஐயா, உங்களோடை ஆர் நிப்பினம்? ஒப்பரேசனுக்குப் பிறகு ஒருத்தர் கட்டாயம் நிக்கவேணும்" என்றாள். நான் யோசிக்கவில்லை. "மகன்" என்றேன். "மகன் இஞ்சையோ இருக்கிறார்?" என்றாள். "இல்லை, ஹொலண்ட். வருவார்" என்றேன். அவள் உன் பெயரையும் போன் இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொண்டாள். எத்தனையோ தரம் உன்னிடம் வரத்தேவையில்லை, உன் வேலையைப் பார், எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன வாய் இது. தாதியிடம் நான் சொன்னது பொய்யா இல்லையா என்று எனக்கே தெரியாது. அதை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. வா.

அப்பா
மயிலிட்டி